வெள்ளைக்கல் ஊரிலிருந்து மணிகளின் நாட்டைப் பார்க்கும்போது

(சேலத்தில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

என் முன்னே மேசைமேல் நான்கு கற்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு என்னை யாரும் அழைக்கவில்லை. மணிக்கற்கள் மனித உருவெடுத்து நடமாடும் ஒரு ஜப்பானிய அனிமேயை, அதாவது அசைபடத் தொடரைப் பற்றி, கல் பொறுக்குவதையே வாழ்நாள் வழக்கமாகக் கொண்டவன் என்ன நினைக்கிறான் என்று சொல்லத்தான் அழைத்தார்கள். ஆனால் இந்த நான்கு கற்களையும் தொடாமல் அந்தக் கதையைப் பற்றி என்னால் பேச இயலாது. என் தங்கை மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தபோது, "மாமா, இதை உங்களுக்காகவே எடுத்திருக்கிறார்கள்" என்று சொல்லி முதல் அத்தியாயத்தைப் போட்டுக் காட்டினாள். கார்ட்டூன் என்று எண்ணி உட்கார்ந்தவன், கதைமாந்தர் ஒவ்வொருவரையும் அவரவர் கடினத்தன்மை எண்ணோடு அறிமுகம் செய்ததைக் கண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பன்னிரண்டு அத்தியாயங்களையும் இரண்டே இரவுகளில் பார்த்து முடித்தேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஹோசெகி நோ குனி' என்பது தலைப்பு. 'மணிகளின் நாடு' என்று நம் மொழியில் சொல்லலாம். ஹருகோ இச்சிகாவா 2012ஆம் ஆண்டு தொடங்கி 2024 வரை மங்காவாக, அதாவது படக்கதையாக, வரைந்தது. ஆரஞ்சு என்ற நிறுவனம் அதைக் கணினி வரைகலையில் அனிமேயாக்க, 2017 இறுதியில் அது ஒளிபரப்பானது. விண்கற்கள் ஆறு முறை மோதிச் சிதைந்த எதிர்கால பூமியில் ஒரே ஒரு நிலத்துண்டு எஞ்சியிருக்கிறது; அங்கே மணிகள் இருபத்தெட்டுப் பேர் கொங்கோ என்ற ஆசிரியரின் கீழ் வாழ்கிறார்கள். 'கொங்கோ' என்ற ஜப்பானியச் சொல்லுக்கு நம் 'வச்சிரம்' என்பதே பொருள். நிலவிலிருந்து அடிக்கடி இறங்கி வரும் மக்கள் இவர்களைக் கவர்ந்து செல்கிறார்கள். அணிகலனாக்கத்தான் கொண்டு செல்கிறார்கள் என்று மணிகள் நம்புகிறார்கள். கவரப்பட்டவர்களின் துண்டுகள் அடுத்த போரில் அம்பு முனைகளாகத் திரும்பி வருகின்றன. இவர்களில் இளையவர், முந்நூறு வயது நிரம்பிய ஃபாஸ்ஃபோஃபிலைட், சுருக்கமாக ஃபாஸ். அவருடைய கடினத்தன்மை பத்துக்கு மூன்றரை, போருக்கு உதவாதவர், ஆகவே ஆசிரியர் அவரிடம் இயற்கைக் களஞ்சியம் ஒன்றைத் தொகுக்கும் பணியை ஒப்படைக்கிறார்.

இங்கே மொழி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த மணிகளுக்கு ஆண், பெண் என்ற பால் கிடையாது. பிற மொழியாளர் இவர்களை எப்படிக் குறிப்பது என்று திகைக்கும் இடத்தில் நமக்கு 'அவர்' என்ற சொல் தடையின்றி உதவுகிறது. நம் சிக்கல் பாலில் இல்லை, திணையில் இருக்கிறது. மக்களை உயர்திணை என்றும் மற்ற யாவற்றையும் அஃறிணை என்றும் பிரித்தது தொல்காப்பியம். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு உண்டு என்று ஏற்றுக்கொண்ட அந்நூலின் வரிசையில் கல்லுக்கு இடமே இல்லை. முதல் அத்தியாயத்தில் ஃபாஸை 'அது' என்றே எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் காட்சியில் 'அவர்' என்று மாறினேன் என்பது எனக்கே தெரியவில்லை. என்னை அப்படி மாற்றியது கதையின் உருக்கம் மட்டும் என்று என்னால் சொல்ல முடியாது. கற்களின் பண்புகளை அது கையாண்ட நேர்மைக்கும் அதில் பங்குண்டு. அந்த நேர்மையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதல் கல்லைக் கையில் எடுக்கிறேன். காலிஃபிளவரைப் போலப் புடைப்புப் புடைப்பாக, உடைந்த இடத்தில் பீங்கான்போல வழவழப்பாக இருக்கிறது. சேலத்தில் பிறந்தவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். இது நம் வெள்ளைக்கல், மேக்னசைட். வெள்ளக்கல்பட்டி என்று ஓர் ஊருக்கும், மேக்னசைட் சந்திப்பு என்று ஒரு ரயில் நிலையத்துக்கும் பெயர் தந்தது. ஆங்கிலேயர் இந்தக் குன்றுகளைச் சுண்ணாம்புக் குன்றுகள் என்ற பொருள்பட அழைத்தார்கள். ஆனால் இதில் சுண்ணாம்பு கிடையாது. சுண்ணாம்புக்கல்மேல் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் உடனே பொங்கும். இதன்மேல் விட்டால் கல் பேசாமல் இருக்கும், பொடித்துச் சூடாக்கினால்தான் நுரைக்கும். இப்போது இந்த இரும்பு ஆணியால் கீறுகிறேன். முன்வரிசையில் இருப்பவர்களுக்குக் கோடு தெரியும். கோட்டோரம் மாவு உதிர்வதும் தெரியும். இதன் கடினத்தன்மை மூன்றரையிலிருந்து நான்கரை. அதாவது, நம் வெள்ளைக்கல்லும் அந்தக் கதையின் நாயகரும் ஏறக்குறைய ஒரே படியில் நிற்கிறார்கள். ஆணிக்கே தோற்கும் இந்தக் கல்லைச் சூளையில் முறையாகச் சுட்டெடுத்தால், எஃகு உருக்கும் உலையின் உட்சுவருக்குச் செங்கல்லாகிறது. இரும்பே உருகி ஓடும் சூட்டில் இது அசையாமல் நிற்கிறது. இதைக் கண்டு வளர்ந்தவன் ஆதலால், 'மூன்றரை, எதற்கும் உதவாதவர்' என்று மற்ற மணிகள் ஃபாஸைத் தள்ளி வைத்தபோது எனக்குக் கோபமே வந்தது.

கடினத்தன்மை என்பது என்ன என்பதை நம்மில் பலரும் தவறாகவே புரிந்து வைத்திருக்கிறோம். 1812ஆம் ஆண்டு ஃப்ரெட்ரிக் மோஸ் வகுத்த அளவுகோல், எது எதைக் கீறும் என்பதை மட்டுமே சொல்கிறது. எது உடையும், எது உடையாது என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வைரம் எதையும் கீறும். ஆனால் வைரத்துக்கு நான்கு திசைகளில் பிளவுத்தளங்கள் இருக்கின்றன, அந்தத் தளத்தில் சரியாக ஒரு தட்டுத் தட்டினால் இரண்டாகும். இதை அறியாமல் பாட்டி காலத்து மூக்குத்தியைச் சுத்தியலால் 'சோதித்து' இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். கதையில் டயமண்ட், போர்ட் என்று வைர இனத்தைச் சேர்ந்த இருவர் வருகிறார்கள். இருவருக்கும் கடினத்தன்மை பத்து. ஆனால் போரில் முன்னிற்பவர் கரிய போர்ட்தான். ஒளி சிந்தும் டயமண்ட் எளிதில் உடைகிறார், அந்தத் தாழ்வை நெஞ்சில் சுமந்துகொண்டே போர்ட்மேல் அன்பு வைத்திருக்கிறார். இது கதாசிரியரின் கற்பனை மட்டும் அன்று. நுண்படிகங்கள் பல திசைகளில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கரிய வைரத்தில், ஒரே பிளவு குறுக்கே ஓட வழியில்லை. போர்ட் என்ற பெயரும் அணிகலனுக்கு ஆகாமல் அரைத்துத் தேய்ப்பானாகப் பயன்படும் வைரத்துக்கு வணிகர்கள் வைத்த பெயர்தான். நம் ஊர்க் கிரானைட் பட்டறைகளில் கல் அறுக்கும் வட்டவாளின் பற்களில் பதித்திருப்பதும் ஒளியில்லாத வைரத்துகளே. ஜேட் என்ற மணியையும் மறக்கக் கூடாது: கடினத்தன்மையில் வைரத்துக்கு மிகவும் கீழே இருந்தும், இழை இழையாகப் பின்னிய உள்ளமைப்பால் அடிக்கு அசையாதது. கதையிலும் அவர் அப்படியே, நிதானமான பொறுப்பாளர்.

ஃபாஸ்ஃபோஃபிலைட் என்ற கல்லை நான் நேரில் கண்டதில்லை. கண்டவர்கள் நம் நாட்டில் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். நீர் சேர்ந்த துத்தநாக பாஸ்பேட் அது. பொலிவியாவின் பொட்டோசி வெள்ளிமலையில் கிடைத்த புதினாப் பச்சை, நீலப் பச்சைப் படிகங்கள் பெயர்பெற்றவை. பெயரின் பின்பாதி கிரேக்கத்தில் இலையைக் குறிக்கும். இலை இலையாகப் பிரியும் பிளவு அதற்கு இருப்பதால் அந்தப் பெயர். பட்டை தீட்டுபவர்கள் அதைத் தொடவே அஞ்சுவார்கள். ஓர் எழுத்தாளர் நாயகரைத் தேர்ந்தெடுக்கும்போது மாணிக்கத்தையோ மரகதத்தையோ விட்டு, கடைவீதியில் பெயர்கூடத் தெரியாத, சாணையில் வைத்தால் உதிர்ந்துவிடும் இக்கல்லைத் தேடி எடுத்தார் என்றால், அவர் கனிம நூல்களை மேலோட்டமாகப் புரட்டியவராக இருக்க முடியாது. ஊதாப் பளிங்கான (பளிங்கு என்று நான் சொல்வது குவார்ட்ஸை) அமெதிஸ்ட் இரட்டையர் இருவருக்கும் எண்பத்து நான்கு, முப்பத்து மூன்று என்று பெயர் வைத்திருக்கிறார். பளிங்குப் படிகங்கள் இரண்டு 84 பாகை 33 கலைக் கோணத்தில் ஒட்டிப் பிறக்கும் அமைப்புக்கு 'ஜப்பான் இரட்டை' என்று பெயர்; அந்தக் கோணத்தையே பிள்ளைகளுக்குப் பெயராக இட்டுவிட்டார். இதைப் பார்த்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் மகிழ்ந்திருந்தேன்.

இரண்டாவது கல், கடல்நீர் நிறத்தில் விரல்நுனி அளவு. காங்கேயத்துக்கு அருகில் உள்ள படியூர்ப் பக்கத்து அக்வாமரின், பெரில் என்ற கனிம இனம். கொடுமணலில் தோண்டியபோது மணி செய்யும் தொழிற்கூடங்களின் தடயங்களோடு இந்த இனத்துக் கற்களும் கிடைத்தன. அவ்வூரின் பழம்பெயரான கொடுமணத்தின் நுண்வேலைப்பாட்டைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. நம் சேலம் மாவட்டத்திலேயே எடப்பாடி, சங்ககிரிப் பக்கம் மரகதம் கிடைத்திருக்கிறது, மரகதமும் பெரில்தான். அலுமினியம் அமரவேண்டிய இடத்தில் சிறிது குரோமியம் அமர்ந்தால் பச்சை, இரும்பு அமர்ந்தால் நீலம் அல்லது மஞ்சள், மாங்கனீசு அமர்ந்தால் இளஞ்சிவப்பு. கதையில் வரும் மோர்கனைட், கோஷனைட், ஹெலியோடார், சிவப்பு பெரில் ஆகிய நால்வரும் இக்குடும்பத்தவரே. ஆகவே கொங்கு மண்ணுக்கு அந்தத் தீவில் நான்கு உறவினர்கள் இருக்கிறார்கள் என்று தங்கை மகளிடம் சொன்னேன்.

இனி நான் மிகவும் பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். கதையின்படி, கல்லுக்குள் சிக்கிய கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஒளியை உண்டு அக்கல்லை இயக்குகின்றன. நினைவும் அவற்றில்தான் தங்கியிருக்கிறது. உடைந்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டினால் மணி மீண்டும் எழும். துண்டு தொலைந்தால் அத்துண்டில் இருந்த நினைவும் தொலையும். கல்லுக்குள் சிக்கிய இத்தகைய பிறபொருளைக் கனிமவியலார் 'உட்பொருள்' என்பார்கள். மணி வணிகமோ நெடுங்காலமாகவே அதைக் குற்றம் என்று சொல்லிவருகிறது. சிலப்பதிகாரத்தில் மதுரை மணிக்கடைத் தெருவைக் காட்டும்போது இளங்கோவடிகள் வைரத்தின் குற்றங்களை வரிசைப்படுத்துகிறார்: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்கைக் காலடிபோன்ற பிளவும், கறையும், புள்ளியும், கீற்றும் இல்லாததே நல்ல வைரம். வணிகருக்கு அது சரியான கணக்குத்தான்.

என் அம்மாவின் மோதிரத்தில் இருந்த சிறு மரகதத்தை ஒரு கடையில் கொடுத்தபோது, அங்கிருந்தவர் லென்ஸை ஒரு நொடி கண்ணில் வைத்துவிட்டு, "உள்ளே எல்லாம் குப்பை" என்று மேசைமேல் தள்ளிவிட்டார். வீட்டுக்கு வந்து நானே பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். பச்சை இருட்டுக்குள் ஒரு பக்கம் பாசிபோல மெல்லிய கொடி. அதன் நடுவே ஒரு குழி, குழிக்குள் திரவம், திரவத்தில் ஒரு குமிழி. ஓரத்தில் அபிரகத் தகடு ஒன்று வெள்ளியாக மின்னியது. பிரெஞ்சுக்காரர்கள் மரகதத்தின் இந்த உள்ளமைப்பைத் தோட்டம் என்று அழைக்கிறார்கள். அந்தத் தோட்டம் இருப்பதால்தான் அது மண்ணில் விளைந்த கல் என்று பெரும்பாலும் அடையாளம் காண முடிகிறது. எங்கே விளைந்தது, அப்போது அங்கே எந்த நீர் ஓடியது, எவ்வளவு சூடு இருந்தது என்பதற்கெல்லாம் அந்தக் 'குப்பை'தான் சாட்சி.

மூன்றாவது கல்லும் அப்படிப்பட்ட சாட்சியே. ஏற்காடு மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது இரு பக்கமும் நீங்கள் பார்க்கும் கருநீலச் சாம்பல் பாறை, சார்னோகைட். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைக் கொல்கத்தாவில் ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் சார்னாக்கின் பெயரையே இந்தப் பாறைக்கு வைத்தார். சேர்வராயன் மலையின் பாறை ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கடியில் இருபது கிலோமீட்டருக்கும் கீழே வெந்து உருவானது. அத்தனை ஆழத்தில் என்று எப்படித் தெரியும்? பாறையில் உள்ள கனிமங்களின் சேர்க்கை ஒரு சான்று, மற்றொன்று உட்பொருள். தென்னிந்தியச் சார்னோகைட்டின் பளிங்கு மணிகளை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தால், உள்ளே கரியமில வாயுத் துளிகள் சிறைப்பட்டிருக்கின்றன. அந்த ஆழத்தின் அழுத்தத்தில் செறிந்து அடைபட்ட துளிகள் அவை. மலை மேலே எழுந்து, மேலிருந்ததெல்லாம் தேய்ந்து போன பிறகும், அவற்றில் பல அந்தச் செறிவோடு இருக்கின்றன. அந்தச் செறிவை அளந்து ஆழத்தைக் கணக்கிடுகிறார்கள். கல்லின் நினைவு உட்பொருளில் இருக்கிறது என்று இச்சிகாவா எழுதியதைக் கதை என்று ஒதுக்க என்னால் முடியாததற்குக் காரணம் இதுதான். துளியில் ஒரு விரிசல் ஓடினால் வாயு கசிந்துவிடும். அந்த மணியிலிருந்து பிறகு எந்த ஆழத்தையும் படிக்க இயலாது.

ஃபாஸுக்கு நேர்வதும் அப்படியே. கடலில் கால்களை இழந்து அகேட் கால்களைப் பெறுகிறார். குளிர்காலப் பனிக்கட்டிப் பாளங்களிடையே கைகளை இழந்து பொன்னும் பிளாட்டினமும் கலந்த கைகளைப் பெறுகிறார். ஒவ்வொரு முறையும் வலிமை கூடுகிறது, நினைவு குறைகிறது. வலிமை வேண்டும் என்று ஏங்கிய அதே ஃபாஸ் வலிமையோடு நிற்கும்போது, எதற்காக ஏங்கினோம் என்பதைக் கொண்டிருந்த துண்டு அவரிடம் இருக்கிறதா என்று பார்ப்பவர் கவலைப்படும்படி ஆகிறது. பொன் கைகள் ஒளிர்ந்து வளைந்து ஓடும் காட்சிகளைப் பலர் புகழ்கிறார்கள். எனக்கு அவை பார்க்கக் கடினமான காட்சிகள்.

நான்காவது, மூடிய கண்ணாடிக் குப்பியில் இருக்கும் செந்நிறத் துண்டு: சாதிலிங்கம். கஞ்சமலை அடிவாரத்துச் சித்தர்கோவில் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். சித்த மருத்துவர்கள் இதைச் சூடேற்றிப் பாதரசம் வடிப்பார்கள். கதையில் இவர் சின்னபார், கடினத்தன்மை இரண்டு. இவர் உடலிலிருந்து பாதரசம் ஓயாமல் ஊறுகிறது. கால் பட்ட புல் கருகுகிறது. மற்ற மணிகள்மேல் பட்டால் அந்த இடத்தில் ஒளி புகாது, செதுக்கி எறிய வேண்டும். ஆகவே அவர் தாமாகவே விலகி, எல்லோரும் உறங்கும் இரவில் தனியாகக் காவல் சுற்றுகிறார். இரவில் நிலவு மக்கள் வருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே அது தேவையே இல்லாத காவல். தம்மை நிலவுக்குக் கொண்டு போகமாட்டார்களா என்று அவர் காத்திருக்கிறார் என்பதை அறிந்து, உமக்கென்று ஒரு வேலையைத் தேடித் தருகிறேன் என்று ஃபாஸ் வாக்குக் கொடுக்கிறார். கதை முழுவதும் அந்த வாக்கின் பின்னே ஓடுகிறது.

கனிமம் அறிந்தவனுக்கு இங்கே இன்னொன்று தோன்றும். சாதிலிங்கத்தின் செந்நிறம் வெளிச்சத்தில் நிலைக்காது; அதைக் குழைத்துத் தீட்டிய பழைய ஓவியங்கள் வெயில் படும் இடத்தில் கறுத்துப் போயிருக்கின்றன. ஒளியையே உணவாகக் கொண்ட கூட்டத்தில், ஒளியாலேயே நிறம் கெடும் ஒருவர். இச்சிகாவா இதை எண்ணித்தான் அவரை இரவில் நடக்கவிட்டாரோ இல்லையோ, சாதிலிங்கத்தை இருட்டறையில் வைத்துக் காப்பவன் என்ற முறையில் அந்த இரவுக் காட்சிகள் எனக்கு மிகச் சரியாகப் படுகின்றன.

அன்டார்க்டிசைட் பற்றி ஒரு சொல். அன்டார்க்டிகாவின் டான் ஹுவான் குட்டையில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த கால்சியம் குளோரைடு உப்பு. சுமார் முப்பது டிகிரிக்கு மேல் திரவமாகிவிடும். கதையில் அவர் குளிர்காலத்தில் மட்டும் எழுந்து, மற்றவர்கள் உறங்கும்போது பணி செய்கிறார். சேலத்துச் சித்திரை வெயிலில் அவர் பாத்திரத்துக்குள்ளேயே இருக்க வேண்டியவர்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, யார் உடைந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி, கண்ணாடி உடைவதுபோலவே உடைகிறார்கள். ஃபாஸ் இலை இலையாகப் பிரிந்திருக்க வேண்டும். டயமண்ட் சமதளங்களாகப் பிளந்திருக்க வேண்டும். சிப்பி வளைவோடு சில்லாகத் தெறிக்கும் உரிமை எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன், பளிங்கு இனத்தவர் போன்றவர்களுக்கே உண்டு. கடினத்தன்மையில் அத்தனை கவனம் காட்டியவர்கள் முறிவில் காட்டவில்லை. வரைகலைக்கு அது பெருஞ்சுமை என்பது புரிகிறது, இருந்தாலும் ஏமாற்றம்தான். கூந்தலில் அவர்கள் செய்திருக்கும் வேலை அந்த ஏமாற்றத்தைப் பெருமளவு ஆற்றுகிறது. ஃபாஸ் தலை திருப்பும்போது வெளிச்சம் முடியின் ஓரத்தில் நுழைந்து உள்ளே மடங்கி மறுபக்கம் வெளிறிய பச்சையாக வருகிறது. கல்லை விரலிடையே வைத்து ஜன்னலை நோக்கித் திருப்பியவர்களுக்கு அந்த அசைவு தெரியும்.

இரண்டாவது குறை, என் ஊர்க்காரன் என்ற முறையில். அந்தத் தீவில் மணிகள் மட்டுமே உயிர்பெறுகிறார்கள் என்று விட்டுவிடலாம் என்றால், லாபிஸ் லாசுலி என்ற பெயரிலும் ஒருவர் அங்கே வாழ்ந்திருக்கிறார். லாபிஸ் தனிக் கனிமம் அன்று, பல கனிமங்கள் சேர்ந்த பாறை. பாறைக்கு இடம் உண்டு என்றால் சார்னோகைட்டுக்கு ஏன் இல்லை? 250 கோடி ஆண்டு நினைவைச் சுமந்தவர் எழுந்து வந்தால், முந்நூறு வயது ஃபாஸிடம் என்ன பேசுவார்? வெள்ளைக்கல் எழுந்து வந்தால், அதே மூன்றரைப் படியில் நிற்கும் பிள்ளையிடம் சூளையைப் பற்றிச் சொல்லாதா? இந்த இரண்டு உரையாடல்களையும் நான் பல இரவுகள் மனத்துக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கற்கள் இங்கேயே இருக்கும், லென்ஸும் இருக்கிறது. வெள்ளைக்கல்லை ஆணியால் கீறிப் பார்க்கலாம், மாவு விரலில் ஒட்டினால் துடைத்துக்கொள்ளுங்கள். சார்னோகைட்டை இரு கையாலும் தூக்குங்கள், பார்ப்பதைவிடக் கனம். அக்வாமரினைக் குழந்தைகள் விளக்கை நோக்கிப் பிடித்துப் பார்க்கட்டும்; நடுவில் ஊசிபோல நீளக் குழாய்கள் தெரியும். சாதிலிங்கக் குப்பியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். ஜன்னல் பக்கமும் கொண்டுபோக வேண்டாம்.